பார்த்துக்கொள்பவர் படுத்துவிட்டால்?

படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியாருக்கு ஏதாவது என்றால் 108-ஐ அழைக்கலாம். அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் கடைத்தெருவில் மயங்கி விழுந்தால்? பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் கிடப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

பர்ஸில் ஓர் அட்டை வையுங்கள்: "என்னை நம்பி ஒரு நோயாளி வீட்டில் தனியாக இருக்கிறார்." கீழே இரண்டு போன் எண்கள். முகவரி வேண்டாம், பர்ஸோடு வீட்டுச் சாவியும் தொலைந்தால் வம்பு. இருவரில் ஒருவர் அதே தெருவில், மாற்றுச் சாவியோடு இருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் சாவி உதவாது.

அடுத்து, உங்களுக்குப் பதில் பார்த்துக்கொள்ள வரும் மாற்று ஆளுக்கு ஒரு குறிப்புத் தாள். "எனக்கும் எல்லாம் தெரியும்" என்று சொல்லும் மகனுக்குப் பெரும்பாலும் தெரிந்திருப்பது மாத்திரையின் நிறம் மட்டுமே. இன்சுலினுக்கு "காலை 20 யூனிட்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து நினைவே தப்பிவிடும். மருந்துப் புட்டியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் படம் எடுத்து ஒட்டிவிடுங்கள். சாப்பிடாவிட்டால் ஊசி போடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பதும் தாளில் இருக்கட்டும்.

மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பவர்கள், மூக்கு நுனியில் குழாயின் எந்த அளவுக்கோடு இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கோடு நகர்ந்திருந்தால் எதுவும் ஊற்றக் கூடாது, நர்ஸைக் கூப்பிட வேண்டும். ஊற்றும்போதும் அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: உணவு கொடுத்த கையோடு டயப்பர் மாற்ற மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடிகிறது. டயப்பரை முதலில் மாற்றுங்கள்.

வலிப்பு, பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஒரு வாரத்துக்கு இருப்பு வையுங்கள். மாத்திரைகளை உரித்து டப்பாவில் கொட்டிவைத்தால் எது எதென்று டாக்டருக்கே தெரியாது.

வீட்டுக்கே வந்து மருந்து தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வரும் ஊழியரிடம் மாற்று ஆளின் எண்ணைக் கொடுத்துவையுங்கள். முதியோர் உதவி எண் 14567 வழிகாட்டும். ஆம்புலன்ஸ் அனுப்புவது அதன் வேலையல்ல.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆளிடம் தாளைக் கொடுத்துவிட்டு நான்கு மணி நேரம் பக்கத்து வீட்டில் போய் உட்காருங்கள். அவர் எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடுகிறாரோ, அதெல்லாம் தாளில் விட்டுப்போன வரிகள்.