வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸ்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எந்த வக்கீலைப் பார்ப்பது?

வீட்டுக் கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதிவிடும். பிறகு 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி, வழக்கே போடாமல் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். சட்டத்தைப் பற்றி இது போதும். வழி இருந்தும் வீட்டை இழந்தவர்களாக நான் பார்த்தவர்கள் எல்லாரும் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான்.

முதலில் 60 நாள் நோட்டீஸ் வரும். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். மறுத்தாலும் கொடுத்ததாகவே கணக்கு. கட்டிய தவணை வரவாகவில்லை, வட்டிக் கணக்கு தப்பு என்றால் அந்த 60 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தருவது வங்கியின் கடமை. "மேலே பேசிட்டேன், பார்த்துக்கலாம்" என்று கிளை மேலாளர் சொல்வதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போவார், உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. மனு நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

அடுத்தது கதவில் ஒட்டும் சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பு. அதை எதிர்த்து மனுப் போட 45 நாள்தான். ஏமாறுவது இங்கேதான். தெரிந்த வக்கீலிடம் ஓடுகிறார்கள், அவர் முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டு வழக்குப் போடுகிறார். இந்த விவகாரத்தை சிவில் கோர்ட் விசாரிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. வாய்தா வாய்தாவாக இழுத்து, கடைசியில் வழக்கு தள்ளுபடியாகும்போது 45 நாள் எப்போதோ முடிந்திருக்கும். போக வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம், அதாவது டிஆர்டி. நம் இரண்டு மாவட்டத்திலும் அது இல்லை. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கிறது.

ஆகவே வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "சார், எந்தக் கோர்ட்ல போடப் போறீங்க? டிஆர்டி கேஸ் நடத்தியிருக்கீங்களா?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாக்கி 10 லட்சத்துக்குக் கீழே என்றால் மனுக் கட்டணம் லட்சத்துக்கு 500 ரூபாய். 8 லட்சத்துக்கு 4,000. அதற்கு மேல் "கோர்ட் ஃபீஸ்" என்று கேட்டால் ரசீது கேளுங்கள். "ஏலத்தை நிறுத்தித் தர்றேன்" என்று வரும் புரோக்கரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். ஓசூர், அரூர் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். போனில் கேட்க 15100. வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம் என்று சொல்லி வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், திரும்பாதீர்கள். பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு அந்த வரம்பே கிடையாது. வீட்டுக் கடனில் பெரும்பாலும் மனைவியும் கையெழுத்துப் போட்டிருப்பார். மனு அவர் பெயரில் போகட்டும். வரம்புக்குள் வருகிறவர்களையும் வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலையவிடுவார்கள். பிரமாணப் பத்திரத்தையே ஏற்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. வாய்வார்த்தையாக மறுத்தால், எழுத்தில் மனுவை ஆணைக்குழுச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. மனுவில் "டிஆர்டியில் நடத்த வக்கீல் வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் சிவில் வழக்கு மட்டுமே பார்ப்பவரைப் போட்டுவிடுவார்கள்.

மாந்தோப்பையோ புஞ்சையையோ அடமானம் வைத்திருந்தால் வக்கீலிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் பயிர் வைத்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். விஏஓவிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கணக்கு) நகல் வாங்கி வையுங்கள்.

இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) கூப்பிட்டால் போங்கள். ஆனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள், அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. பேசி முடிப்பதென்றால் ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முடியுங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை அந்த அறிவிப்பு வரும்வரைதான்.