பலாப்பழத்தைத் தட்டுவது போல

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கும் விவரமான ஆள் பழத்தை அறுத்துப் பார்ப்பதில்லை. தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே பழமா காயா என்று சொல்லிவிடுவார். எம்.ஆர்.ஐ. செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். நம் உடம்பின் நீரிலுள்ள ஹைட்ரஜனை ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டி, அது தரும் பதிலைப் படமாக்குகிறது. 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அந்தப் பதில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் வரும், எஃப்.எம். வானொலிக்குச் சற்றுக் கீழே.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி மகளுக்குக் கோலம் போடத் தலையைக் குனிந்தாலே கழுத்திலிருந்து முதுகு வரை கரண்ட் அடித்தது. டிஸ்க் விலகியிருக்கும் என்றது தெரு முழுக்க. (நம் ஊரில் எந்த முதுகு வலிக்கும் அதுதானே பெயர்!) இந்த மின்னடிக்கு லெர்மிட் அறிகுறி என்று பெயர். டிஸ்க்காலும் வரலாம், பி12 குறைவாலும் வரலாம், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸாலும் வரலாம். புதுச்சேரியில் பார்த்த நரம்பியல் மருத்துவர் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சேர்த்தே ஸ்கேன் எழுதினார்.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பிழைகளின் மயலின் உறையை அரிக்கிறது. அரித்த இடத்தில் நீர் கூடுவதால், 'டி2' வகைப் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும்.

சரி, மூளையைப் பார்த்தால் போதாதா? போதாது. வயது, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி என்று பலவற்றாலும் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் விழும். தண்டுவடத்தில் வயதானதால் மட்டும் அப்படி விழுவதில்லை. அங்கே ஒரு புள்ளி இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் தண்டுவடத்தைப் படம் பிடிப்பது பெரிய பாடு. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். சுற்றியிருக்கும் திரவம் இதயத்துடிப்போடு அலைபாயும்; மூச்சு விட்டாலும் எச்சில் விழுங்கினாலும் படத்தில் பொய் நிழல் விழும். அதனால்தான் "விழுங்காம இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே புள்ளி நெடுக்குவெட்டிலும் குறுக்குவெட்டிலும் தெரிந்தால்தான் நம்புவார்கள்.

அப்புறம் அதன் வடிவம். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் புள்ளி பெரும்பாலும் கழுத்துப் பகுதியில், தண்டுவடத்தின் ஓரமாக, இரண்டு முள்ளெலும்பு நீளத்துக்குள் அடங்கிவிடும். நடுவில், மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கும் மேல் ஓடினால் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற வேறு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன்; முதல் நோய்க்குத் தரும் சில மருந்துகள் இரண்டாவதை மோசமாக்கிவிடும். படத்தைத் துலக்கிக் காட்டும் காடோலினியம் ஊசி போட்டபின் புள்ளி பளிச்சிட்டால், அழற்சி புதிது என்று பொருள். அந்தப் பளிச்சு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

தங்கைக்குக் கழுத்தில், ஓரமாக ஒன்று பளிச்சிட்டது. மூளையிலும் சில புள்ளிகள். டிஸ்க்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.