நாக்கில் ஒரு துளி இனிப்பு

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட வேண்டும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போடலாமா? புரையேறிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார்."

தாராளமாகப் போடலாம். ஊசிக்குச் சற்று முன்போ, போடும்போதோ தாய்ப்பால் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே 2015-இல் பரிந்துரைத்திருக்கிறது.

பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்றுதான் 1980-கள் வரை பல மருத்துவர்கள் நம்பினார்கள். போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சைகூட நடந்தது. அது எவ்வளவு தவறு என்பதை, அறுவை சிகிச்சையின்போது குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும் அழுத்த ஹார்மோன்களை அளந்து 1987-இல் காட்டியவர் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த். சரி, குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கெல்லாம் மருந்து கொடுக்க முடியுமா? அங்கேதான் சர்க்கரை வருகிறது.

இனிப்பு நாக்கில் பட்டதும் சுவை நரம்புகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே உடல் தன் சொந்த வலிநிவாரணியை, மார்ஃபினின் உறவுக்காரப் பொருள்களை, சுரக்கிறது என்று கருதுகிறார்கள். எலிக்குட்டிகளிடம் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எலியட் பிளாஸ் இதைச் சோதித்தார். சர்க்கரை நீர் குடித்த குட்டிகள் சூட்டைக் கூடுதல் நேரம் தாங்கின. மார்ஃபின் வகைப் பொருள்களைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அந்தப் பலன் மறைந்துபோனது! இன்னொன்று எனக்கு இன்னும் பிடிக்கும்: அதே சர்க்கரை நீரைக் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் விட்டால் குழந்தைக்கு வலி குறைவதில்லை. சத்து அல்ல, சுவைதான் வேலை செய்கிறது. அதனால்தான் குத்துவதற்கு 2 நிமிடம் முன்பு, நாக்கில், சில சொட்டுகள் மட்டும் விடுகிறார்கள்.

தாய்ப்பாலும் இனிப்புதானே. கூடவே சப்புதல், அம்மாவின் வாசனை, உடல் சூடு. 2003-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 180 குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்தபோது 10-க்கு வலி மதிப்பெண் போட்டார்கள். அம்மா வெறுமனே கையில் வைத்திருந்த குழந்தைகளின் நடு மதிப்பெண் 10. பால் குடித்தவர்களுக்கு 1.

ஆனாலும் சர்க்கரையைப் பற்றிய வாதம் தீரவில்லை. 2010-இல் லண்டனில் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, சர்க்கரை கொடுத்த குழந்தையின் முகச்சுளிப்பு குறைந்ததே தவிர மூளையின் வலி அலை குறையவில்லை. இதைத் தீர்க்கப் பெரிய ஆய்வுகள் வேண்டும். சர்க்கரைத் தண்ணீரை விற்று எந்த மருந்து கம்பெனியும் சம்பாதிக்கப் போவதில்லை. அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"அப்போ பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரையோ தொட்டு நம்ம சேனை வைக்கிற வழக்கம் சரிதானே?" என்று கேட்காதீர்கள். மருத்துவமனையில் தருவது, அளந்து சுத்தமாகத் தயாரித்தது. தேனில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் நோய் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது வரை தேனே கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

ஆக, வாசகிக்கு: முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்து இருந்தால் அது முதலில். அப்புறம் குழந்தையை மார்போடு அணைத்து, தொடை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சப்பி விழுங்கத் தொடங்கிய பிறகு ஊசி போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் மார்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அது குடிக்கட்டும்.