கூட்டணி: ஒரே சொல், இரண்டு வேலை

2025 ஏப்ரலில் அமித் ஷா சென்னைக்கு வந்து, அ.தி.மு.க. மறுபடி தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குள் வந்துவிட்டதாக அறிவித்தார். சில நாளிலேயே எடப்பாடி பழனிசாமி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று: இது கூட்டணி மட்டும்தான், கூட்டணி ஆட்சி அல்ல. அரசியல் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும், இந்தக் குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கூட்டு + அணி = கூட்டணி. 'அணி' என்றால் வரிசை, படை வகுப்பு, நகை, அழகு என்று பல பொருள். அணிவகுப்பு, அணிகலன் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். அரசியலுக்கு வந்தது படையில் நிற்கும் அணி. முன்வரிசைப் படை முன்னணி, பல படை சேர்ந்து நின்றால் கூட்டணி. வேடிக்கை என்னவென்றால், கட்சி உடைந்தாலும் நம் ஊரில் அதே 'அணி'தான். எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. பிளந்தபோது ஜா அணி, ஜெ அணி என்றுதான் சொன்னார்கள். பிரிந்தால் அணி, சேர்ந்தால் கூட்டணி!

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'அலையன்ஸ்' லத்தீனில் 'கட்டுதல்' என்ற வேரிலிருந்து வந்தது. 'கோயலிஷன்' என்பதன் வேருக்கு 'சேர்ந்து வளர்தல்' என்று பொருள். இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புழங்குவது உண்டு என்றாலும், தேர்தலுக்காகக் கைகோப்பதைப் பெரும்பாலும் முதல் சொல்லாலும், சேர்ந்து ஆள்வதை இரண்டாவதாலும் குறிப்பார்கள். இந்தியில் 'கட்பந்தன்', அதாவது முடிச்சுப் போடுவது. 'ஃப்ரண்ட்' என்பதற்கு நாம் முன்னணி என்கிறோம்; 1988இல் சென்னையில் தொடங்கிவைக்கப்பட்ட தேசிய முன்னணி அப்படி வந்த பெயர். இலங்கையிலோ ஆங்கிலத்தில் 'ஃப்ரண்ட்' என்று முடியும் கட்சிப் பெயர் தமிழில் 'தமிழர் விடுதலைக் கூட்டணி' ஆனது.

தமிழில் கைகோப்பதற்கும் சேர்ந்து ஆள்வதற்கும் 'கூட்டணி' ஒன்றே. அதனால்தான் தொகுதிப் பங்கீட்டோடு முடிகிற உறவையும் மந்திரி பதவி வரை போகிற உறவையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். இங்கே முதலாவது நடக்கும், டெல்லியில் இரண்டாவது நடக்கும். 1989 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் மாநிலங்களவை உறுப்பினரான முரசொலி மாறன் வி.பி. சிங் அமைச்சரவையில் மந்திரியானார். பிறகு 1996இல் ஐக்கிய முன்னணி, 1999இல் தேசிய ஜனநாயகக் கூட்டணி, 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி என்று மூன்று ஆட்சியிலும் அக்கட்சிக்குப் பங்கு இருந்தது. அ.தி.மு.க.வும் 1979இல் சரண்சிங் மந்திரிசபையில் இருந்தது. 1998இல் வாஜ்பாய் அரசில் சேர்ந்து, 1999 ஏப்ரலில் ஆதரவை விலக்கிக்கொண்டது. அந்த அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது.

அதே கட்சிகள் கோட்டையில் நாற்காலியைப் பங்குபோட ஒப்புக்கொண்டதில்லை. 2006ஐப் பாருங்கள். 234இல் தி.மு.க.வுக்கு 96தான், பெரும்பான்மைக்கு 118 வேண்டும். காங்கிரஸும் பா.ம.க.வும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து ஆதரவு தர, ஐந்தாண்டும் தி.மு.க. தனியாகவே மந்திரிசபை நடத்தியது. 'மைனாரிட்டி தி.மு.க. அரசு' என்று ஜெயலலிதா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டுகளில் டெல்லியில் காங்கிரஸ் மந்திரிகளோடு தி.மு.க. மந்திரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் பத்திரிகைகள் எழுதியது 'தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணி' என்றுதான். விடுதலைச் சிறுத்தைகள் 'ஆட்சியில் பங்கு, அதிகாரத்தில் பங்கு' என்று முழக்கம் வைத்ததும் இந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான்.

சரியான தமிழ் எது? 'கூட்டணி'யே நல்ல தமிழ். அதை மாற்றத் தேவையில்லை, கொஞ்சம் பிரித்து எழுதினால் போதும். ஓட்டுப் பிரியாமல் தொகுதியைப் பங்கிடுவது மட்டும் என்றால் 'தொகுதி உடன்பாடு'. ஒரே மேடை, ஒரே தலைமை என்றால் 'கூட்டணி'. மந்திரி பதவியும் பங்கு என்றால் 'கூட்டணி ஆட்சி', அல்லது பழைய ஏடுகளில் வந்த 'கூட்டு மந்திரிசபை'. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிச் சொல்தான். யார் யார் மந்திரி என்ற கேள்வியை அது மறைக்காது.

'கூட்டாட்சி' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். தொலைக்காட்சி விவாதங்களில் இந்தப் பிழை அடிக்கடி காதில் விழுகிறது. கூட்டாட்சி என்பது மாநிலங்களும் மத்திய அரசும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு, 'ஃபெடரல்' முறை. 1970இல் திருச்சி மாநாட்டில் தி.மு.க. வைத்த 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்ற முழக்கம் கேட்டது அதைத்தான். டெல்லியில் பல கட்சி மந்திரிசபையை அல்ல.