ஊறிய அரிசியும் ஊறிய பல்லும்

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனால் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்ப் பத்தையும் ஒரு எலுமிச்சை சோடாவும் வாங்காமல் திரும்ப எனக்கு மனம் வராது. போன வருடம் ஒருநாள் அந்த மாங்காயைக் கடித்ததும் பல் கூசித் தலைவரை ஏறியது. பல் மருத்துவர் வாயைப் பார்த்ததும் கேட்டார்: "ராத்திரி தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பீங்களா?" பக்கத்திலிருந்த மனைவி, "தினமும்தான் டாக்டர்" என்றாள்.

மாங்காய்க்கும் பல் கடிப்பதற்கும் என்ன தொடர்பு? இட்லி அரிசியை எடுத்துக்கொள்வோம். காய்ந்த அரிசி கிரைண்டரில் லேசில் மசியாது. நாலு மணி நேரம் ஊறிவிட்டால் வெண்ணெய் போல அரைபடும். பல்லின் மேலுறையான எனாமலும் அப்படித்தான்.

உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள். புளிப்பை அளக்கும் அளவுகோல் பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் இவை கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2.5-ஐ ஒட்டி இருக்கும். வித்தியாசம் மூன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு கூடும், மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு! புளிப்பு பட்ட எனாமலின் மேல்தோல், முடியைவிட மெல்லிய அளவுக்கு, இளகிப்போகிறது. அப்புறம் எச்சில் வந்து அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தைக் கொடுத்து மெல்ல மெல்ல இறுக்கிவிடும். அதற்குள் உரசினால், இளகியது போனதுதான். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் திரும்ப வளராது. அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரியும். அதிலுள்ள நுண்குழாய்கள் நரம்புவரை போவதால்தான் கூச்சம்.

தூக்கத்தில் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும். படுக்கும் முன் குடிக்கும் சோடா அதனால்தான் மோசம். நெஞ்செரிச்சலோடு இரவில் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு வயிற்று அமிலமே மேல்பற்களின் உட்புறத்தை அரிக்கும். அதற்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

தூக்கத்தில் பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள் எங்கள் பக்கம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. தூக்கம் நடுநடுவே லேசாகக் கலையும்போது தாடைத் தசைகள் தாமாக இறுகுகின்றன. மன அழுத்தம், சிகரெட், மது, அதிகக் காபி, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை எல்லாம் இதைக் கூட்டும். பகலிலும் கவனியுங்கள்: வாய் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது.

மாங்காயை விட வேண்டியதில்லை. மணிக்கணக்கில் கொறிக்காமல் சாப்பிட்டு முடித்து, தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள், அரைமணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். ஃப்ளூரைடு பேஸ்ட் நல்லது. அதனால் உருவாகும் படிகம் பி.எச். 4.5 வரை தாங்கும். சாம்பல், செங்கல் தூள் வேண்டவே வேண்டாம்.

எனக்கு மருத்துவர் அளவெடுத்து, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் இரவுக் கவசம் ஒன்று செய்து கொடுத்தார். அது பல் கடிப்பதை நிறுத்தாது, பல்லுக்குப் பதில் அந்தக் கவசம் தேயும். எட்டு மாதத்தில் கடைவாய்ப் பக்கம் அதில் நன்றாகவே பள்ளம் விழுந்திருக்கிறது.