ஃபிரேம் ரேட் என்கிற சட்டக வீதம்

ஒரு நொடிக்குள் எத்தனை அசையாப் படங்கள் எடுக்கப்படுகின்றன அல்லது காட்டப்படுகின்றன என்ற எண்ணிக்கைதான் ஃபிரேம் ரேட். சுருக்கமாக எஃப்.பி.எஸ். 25 எஃப்.பி.எஸ். என்றால் நொடிக்கு 25 படம், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 40 மில்லிநொடி. பாதுகாப்புக் கேமரா வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'வீடியோ திக்குது', 'ஜெர்க் ஆகுது', 'லேக் அடிக்குது', 'படம் அப்படியே நின்னுடுது' என்பார்கள். நான்கும் ஒரே கோளாறு அல்ல. லேக் என்றால் தாமதம். எல்லாப் படமும் வந்து சேரும், பிந்தி வரும், அவ்வளவுதான். சட்டக வீதம் அதில் குறைவதில்லை. மற்ற மூன்றும்தான் இந்தச் சொல்லின் எல்லைக்குள் வருகின்றன.

ஆங்கிலத்தில் 'ஃபிரேம்' முதலில் ஒரு வினைச்சொல். பயன்படு, முன்னேறு என்று பொருள். பின்னால் வீடு கட்டுவதற்கு மரத்தைச் செதுக்கிப் பொருத்துவதை அப்படிச் சொன்னார்கள். பொருத்திய மரக்கூடு ஃபிரேம் ஆயிற்று, ஓவியத்தைச் சுற்றிய விளிம்பு ஃபிரேம் ஆயிற்று, சினிமாச் சுருளில் ஒரு படம் அடங்கும் கட்டமும் ஃபிரேம் ஆயிற்று. 'ரேட்' இலத்தீன் வழி வந்தது. கணக்கிட்ட பங்கின்படி என்ற பொருளில் வழங்கிய 'புரோ ராட்டா' என்ற தொடரின் மிச்சம்.

மௌனப்படக் காலத்தில் சுருளைக் கையால் சுற்றியதால் வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 1920களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது ஒலி பிசகாமல் கேட்க வேண்டும் என்பதற்காக நொடிக்கு 24 என்று நிலைத்தது. தொலைக்காட்சி மின்சார அலைவெண்ணை ஒட்டிப் போனது. 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 25, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் ஏறக்குறைய 30. இந்தப் பழைய கணக்கு இன்றும் கேமராவின் அமைப்புப் பக்கத்தில் 50, 60 என்று உட்கார்ந்திருக்கிறது. 50-ஐத் தேர்ந்தெடுத்தால் பல கேமராக்களில் உச்ச வீதம் 25 தான் காட்டும். '30 இருக்கு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதே' என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. சரி, அதற்காக உடனே 60-க்கு மாற்றிவிட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கின் கீழ் படம் மினுக்கத் தொடங்கிவிடும்.

தமிழில் படத்துக்குப் போடுவது சட்டம், மூக்குக்கண்ணாடிக்கும் சட்டம். ஆனால் 'சட்ட வீதம்' என்றால் நீதிமன்ற வாசனை அடிக்கிறது. 'படச்சட்டம்' தெளிவானது, எழுதுகிறார்கள், ஆனாலும் சுவரில் மாட்டும் படத்தின் மரவிளிம்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உருவம், கட்டமைப்பு என்ற பொருள்களில் முன்பே வழங்கும் 'சட்டகம்' இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது. ரேட்டுக்கு வீதம் போதும். 'விகிதம்' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம், அது இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. ஆகவே சட்டக வீதம். அளவைச் சொல்லும்போது 'நொடிக்கு 15 சட்டகம்'. விநாடியும் தவறில்லை, என்றாலும் பழைய கணக்கில் விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, இன்றைய 24 நொடி. நொடி என்பதோ விரலைச் சொடுக்கும் நேரம். பேச்சில் ஃபிரேம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், யாருக்கும் நட்டமில்லை.

நெட்வொர்க் கேமராவுக்கு வரும்போது சொல்லின் பொருளே கொஞ்சம் மாறுகிறது. சினிமாச் சுருளில் ஒவ்வொரு சட்டகமும் முழுப் படம். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் ஹெச்.264, ஹெச்.265 முறைகளில் அப்படி இல்லை. ஐ-ஃபிரேம் மட்டுமே தனித்து நிற்கும் முழுப் படம், தமிழில் முதன்மைச் சட்டகம் எனலாம். அதற்குப் பின் வரும் பி-ஃபிரேம்கள் முந்தைய படத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் சொல்லும். 25 வீதத்தில் இரண்டு நொடிக்கு ஒரு முதன்மைச் சட்டகம் என்று வைத்தால், ஐம்பதில் ஒன்றுதான் முழுப் படம். நடுவில் ஒரு பி-ஃபிரேம் வழியில் தொலைந்தால் அடுத்த முழுப் படம் வரும்வரை காட்சி சிதையும், அல்லது மென்பொருள் காட்டாமல் நிறுத்தி வைக்கும். தொலைந்தது ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இழப்பு நாற்பதாகக்கூட இருக்கலாம். இதைத்தான் 'படம் நின்னுடுது' என்கிறார்கள். இங்கே கேமரா அனுப்பும் வீதம் குறையவில்லை, வழியில் சட்டகம் இழக்கப்படுகிறது. 'சட்டக இழப்பு' என்ற தனிச்சொல் இதற்கு வேண்டும்.

சரி, வீதம் என்றால் எந்த வீதம்? கேமரா எடுக்கும் வீதம், குறியேற்றி அனுப்பும் வீதம், பதிவுக் கருவிக்கு வந்து சேர்ந்து பதிவாகும் வீதம், திரையில் காட்டப்படும் வீதம். இந்த நான்குக்கும் ஒரே பெயர். அமைப்புப் பக்கத்தில் நாம் எழுதும் 25 ஓர் ஆசைதான், அளந்த கணக்கு அல்ல.

எந்த இடத்தில் குறைகிறது என்று பிரித்தறிய எனக்குத் தெரிந்த எளிய கருவி, படத்தின் மூலையில் கேமரா எழுதும் கடிகாரம். அது கேமராவுக்குள்ளேயே படத்தோடு சேர்ந்துவிடுவது. யாராவது நடந்து போகும்போது அந்த நொடி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். எண் நொடிக்கு நொடி சீராக மாறுகிறது, ஆள் மட்டும் தத்தித் தத்திப் போகிறார் என்றால் படம் குறைவாகவே உருவாகிறது. கேமரா பக்கம் தேட வேண்டும், அல்லது நீங்கள் பார்ப்பது துணை ஓடை, அதாவது முதன்மை வீடியோவோடு கேமரா கூடவே அனுப்பும் வீதம் குறைந்த சிறிய வீடியோ. எண் 14-ல் நின்று 17-க்குத் தாவினால் இடையில் இருந்தவை வழியில் தொலைந்தன. 14-ல் நின்று, அப்புறம் 15, 16, 17 என்று ஓட்டமாக ஓடிப் பிடித்தால் எதுவும் தொலையவில்லை, வழியில் தேங்கியது. நெட்வொர்க்கில் தரவை அனுப்ப டி.சி.பி., யு.டி.பி. என்று இரண்டு முறை உண்டு. டி.சி.பி. வழியாக அனுப்பும்போது தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்குவதால் இப்படி ஆகும். யு.டி.பி. திரும்பக் கேட்காது, அதில் தாவல்தான்.

கேமரா பக்கம் என்றால் முதல் சந்தேகம் இரவின் மேல். பகலில் 25, இருட்டினால் 12 என்று புகார் வந்தால் கேபிளைத் தொடாதீர்கள். வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. ஒரு படத்துக்கு 80 மில்லிநொடி திறந்திருந்தால் நொடிக்குப் பன்னிரண்டுக்கு மேல் எடுக்கவே முடியாது. எந்த நெட்வொர்க்கும் இதைச் சரிசெய்யாது. நடப்பவரின் உருவம் பின்னால் இழுபட்டுத் தெரிவது இதற்கு அடையாளம். மெதுவான ஷட்டரை அணைத்து, மிக நீண்ட திறப்பு 1/25 நொடி என்று கட்டிவிட்டால் வீதம் திரும்பும். படம் இருட்டும், அதற்கு விளக்குதான் போட வேண்டும். வெயிலும் நிழலும் கலந்த காட்சியைச் சமன்செய்யும் டபிள்யூ.டி.ஆர். வசதி இன்னொரு காரணம். ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் எடுத்து ஒன்றாக்குவதால் பல மாடல்களில் உச்ச வீதம் பாதியாகிறது. பிட் வீதத்தை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, மிகக் குறைவாகக் கட்டினாலும் சில கேமராக்கள் தரத்தைக் குறைப்பதோடு சட்டகத்தையும் உதறிவிடும்.

வழிப் பக்கம் என்றால் கணக்குப் போட வேண்டும். ஒரு கேமரா நொடிக்கு 6 மெகாபிட் அனுப்பினால் எட்டு கேமராவுக்கு 48. நூறு மெகாபிட் இணைப்பு தாங்கும். முப்பத்திரண்டு கேமராவை அதே ஒற்றை இணைப்பில் செலுத்தினால் 192, ஏறக்குறைய பாதிக்கு வழியில்லை. கணக்கு சரியாக இருந்தும் ஒரே ஒரு கேமரா மட்டும் திக்கினால் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள். நூறு இருக்க வேண்டிய இடத்தில் 10 என்று காட்டும், பெரும்பாலும் சரியாகக் கிரிம்ப் செய்யாத முனை அல்லது நூறு மீட்டரைத் தாண்டிய கேபிள். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா அணைந்து அணைந்து எழுந்தால் அது மின்சாரக் குறை. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கும் முறை பி.ஓ.இ. சாதாரண பி.ஓ.இ. ஸ்விட்ச் முனையில் தருவது 15.4 வாட், கேமரா முனையில் கிடைப்பதாகக் கணக்கிடுவது 12.95. வைஃபை கேமராவில் காற்றலையை எல்லோரும் பங்கு போடுகிறார்கள், அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

என்.வி.ஆர். எனப்படும் பதிவுக் கருவிக்கும் இரண்டு வரம்பு உண்டு. மொத்தம் எத்தனை மெகாபிட் உள்ளே வாங்கும், எத்தனை ஓடையை ஒரே நேரத்தில் அவிழ்த்துக் காட்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் முட்டும். அதனால்தான் பதினாறு கட்டமாகப் பார்க்கும்போது கருவி தானாகவே துணை ஓடைக்கு மாறி, வீதம் குறைந்ததாகத் தோன்றுகிறது. ஒற்றைக் கட்டமாகப் பெரிதாக்கினால், அல்லது அதே நேரத்துப் பதிவை ஓட்டினால், முழு வீதமும் அங்கே இருக்கும். கணினியில் பார்ப்பவர்கள் வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் கேமராவின் ஓடையை நேராகத் திறந்து புள்ளிவிவரப் பலகையில் தொலைந்த சட்டகங்களின் எண்ணிக்கையைப் பார்க்கலாம். இங்கே சீராக ஓடி, கேமரா மென்பொருளில் மட்டும் திக்கினால் பழி அந்த மென்பொருளின் மேல், அல்லது ஹெச்.265-ஐ அவிழ்க்கத் திணறும் பழைய கணினி ப்ராசஸரின் மேல்.

அதிக வீதம் எப்போதும் வேண்டும் என்பதும் இல்லை. 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபிப் பாத்திரத்தைக் காட்ட வைத்த கேமரா நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று படம்தான் தந்தது. காபி இருக்கிறதா என்று தெரிய அது போதும். நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் போவார். 15 வீதத்தில் இரண்டு சட்டகத்துக்கிடையே ஒன்பது சென்டிமீட்டர்தான் நகர்ந்திருப்பார், முகம் பார்க்க வேறென்ன வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி 5 வீதத்தில் மூன்று மீட்டருக்கு மேல் தாவிவிடும், 25 வீதத்தில் 67 சென்டிமீட்டர். நடைவழிக்கு 12 முதல் 15 வைத்து, மிச்சமாகும் பிட்டை வாகன வாயில் கேமராவுக்குக் கொடுத்தால் பல இடங்களில் திக்கல் புகார் அத்தோடு தீர்ந்துவிடுகிறது.