சீனாக்காரன் உங்கள் பெயரைக் கேட்கவே இல்லை

இந்த மாதத்தில் இது நான்காவது. வக்கீலான என்னிடம் வரும், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கட்சிக்காரர் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "சார், சீனாக்காரன் நம்ம பேரை எடுக்கப் போறான், ஏதாவது பண்ணுங்க" என்கிறார். படிக்காமலே எனக்கு அந்த மெயில் மனப்பாடம். 'நாங்கள் ஷாங்காயில் டொமைன் (இணையதள முகவரி) பதிவு செய்யும் நிறுவனம். உங்கள் பிராண்ட் பெயரில் டாட் சிஎன், டாட் ஏசியா எல்லாம் கேட்டு வேறொரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியவர்களா? இல்லையென்றால் ஏழு நாளில் பதில் சொல்லுங்கள்.' பதில் போட்டால், முன்னுரிமை உங்களுக்குத்தான் என்று அத்தனையையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த 'வேறொரு கம்பெனி' என்று ஒன்று கிடையவே கிடையாது.

எத்தனை முறை சொன்னாலும் இது ஏறுவதில்லை: டொமைன் என்பது முதலில் பணம் கட்டியவருக்கு. நீங்கள் டாட் காம் வாங்கிய அன்று உலகத்தில் அதே பெயரில் கடை வைத்திருக்கிற யாரையாவது கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார்களா? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். கண்டக்டர் வந்து, பின்னால் வருகிற பஸ்ஸிலும் உங்களுக்கு சீட் வேண்டுமா என்று விசாரிப்பதில்லை. நிஜமாகவே ஒருவன் கெட்ட எண்ணத்தோடு உங்கள் பெயரை எடுத்தால் அதைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போலவே பாதுகாப்பு உண்டு என்று 2004-லேயே சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் போலி டிரேட்மார்க் பில். டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தால், வாராவாரம் இணையத்தில் வரும் அரசின் டிரேட்மார்க்ஸ் ஜர்னலில் உங்கள் பெயர், முகவரி எல்லாம் திறந்து கிடக்கிறது. அதைப் பார்த்து முத்திரையெல்லாம் போட்டு, 'சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம்' என்று பில் அனுப்புகிறார்கள். கட்டாதீர்கள். பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய், அதுவும் அரசுத் தளத்தில் மட்டும்.

இதைக் கேட்டுவிட்டு வருகிற மெயிலை எல்லாம் அழித்துவிடாதீர்கள், ப்ளீஸ். டாட் காமுக்கு யூடிஆர்பி (டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் சர்வதேச நடைமுறை), டாட் இன்னுக்கு அந்தப் பெயர்களைக் கவனிக்கும் நிக்ஸி அமைப்பு அதே மாதிரி நடத்தும் இன்டிஆர்பி என்று நிஜமான புகார்களும் வரும். யூடிஆர்பியில் பதில் சொல்ல 20 நாள்தான். அடையாளம் ஒன்று சொல்கிறேன்: நிஜமான புகார் உங்கள் டொமைனைப் பிடுங்கப் பார்க்கும், புது டொமைன் விற்காது. வந்த அன்றே வக்கீலிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பாதிப் பேருக்கு வெப்சைட் செய்து கொடுத்த பையன் பெயரில்தான் இருக்கிறது. சீனாவுக்குப் பயப்படுகிறவர்கள் இதற்குப் பயப்படுவதில்லை.

திருப்பூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். விசாரித்தால் போன வருடமே என்னைக் கேட்காமல் இதே மாதிரி ஒரு மெயிலுக்கு ஆறு டொமைன் வாங்கியிருக்கிறார். இப்போது அதைப் புதுப்பிக்கவும் பில் வந்திருக்கிறது.